எனக்குக் கை கொடுத்தவர்களுக்கு

அன்பானவர்களுக்கு,

போன மாதம் மட்டக்களப்பு நகரில் நம்முடைய பிள்ளைகள் சேர்ந்து மஜிக் புத்தகங்களுக்கு நான் வரைந்த படங்களைச் சுவரில் மாட்டி எல்லாரையும் கூப்பிட்டபோது, என்னையும் இரண்டு வார்த்தை பேசச் சொன்னார்கள். எனக்கு மேடையில் நின்று பேச வராது. சொல்ல வேண்டிய ஆட்களும் அதிகம், அதில் பாதிப் பேர் "என்ட பேரை எல்லாம் போடாதே புள்ள" என்று சொல்லக்கூடியவர்கள். அதனால் எழுதுகிறேன். பெயர் போடமாட்டேன், ஊரும் உறவும் போட்டாலே வாசிக்கும்போது அவரவர்க்குத் தெரிந்துவிடும்.

அன்றைக்கு வந்தவர்களில் கனபேர் கேட்டது, "இவ்வளவு கையும் யாருடைய கை?" என்றுதான். மஜிக் புத்தகத்துக்குப் படம் வரைகிறவள் என்றால் தொப்பி, முயல், மேடை, மயில் இறகு என்று வரைவாள் என நினைக்கிறார்கள். அட்டைப்படத்துக்கு ஒரு முயல் வரைந்திருப்பேன், சரி. உள்ளே முழுக்கக் கைதான். சீட்டுப் பிடித்த கை, கயிறு பிடித்த கை, ஒன்றையும் பிடிக்காததுபோல இருக்கிற கை (அதுதான் வரையக் கஷ்டம்). என் பெயர் போட்டு அச்சான கைகளில் ஒன்றாவது என்னுடையது இல்லை, ஏனென்றால் என் வலது கை பேனையில் இருக்கும், இடது கை தாளை அழுத்திப் பிடித்திருக்கும். வேறு யாராவது எதிரே உட்கார்ந்து, ஒரு ரூபாய்க் குத்தியை விரலிடுக்கில் ஒளித்து, நான் முடிக்கும்வரை ஆடாமல் இருக்க வேண்டும். நாற்பது வருஷத்துக்கு மேலாக அப்படி உட்கார்ந்தவர்களுக்குத்தான் இந்த மடல்.

முதலில் களுவாஞ்சிகுடிப் பக்கத்துத் தபாலதிபர் ஐயா. அவர் இப்போது இல்லை, அவருடைய பிள்ளைகள் வாசிப்பார்கள். 1978 நவம்பர் சூறாவளி எங்கள் பக்கத்துக் கூரைகளையும் தென்னைகளையும் சாய்த்துவிட்டுப் போன பிறகு, பள்ளிக்கூடங்கள் ஒவ்வொன்றாகத் திறந்தபோது, ஐயா சைக்கிளில் போய்ப் பிள்ளைகளுக்கு மஜிக் செய்து காட்டினார், காசு வாங்காமல். அந்த வித்தைகளை எழுதிக் கொழும்பில் ஒரு சிறுவர் சஞ்சிகைக்கு அனுப்ப, "எழுத்தில் விளங்கவில்லை, படத்தோடு அனுப்புங்கள்" என்று திரும்பி வந்துவிட்டது. நான் அப்போது தையல் வகுப்புக்காரிகளுக்குப் பூ டிசைன் வரைந்து கொடுத்துக்கொண்டிருந்தேன். எந்தத் துளையில் ஊசி இறங்கி எந்தத் துளையில் ஏறுகிறது என்று அம்புக்குறியும் புள்ளிக்கோடும் போட்டுக் காட்டுவேன். அதை எங்கேயோ பார்த்துவிட்டு ஐயா வீட்டுக்கு வந்தார். "துணிக்குப் பின்னால் நூல் போகிறதைக் காட்டத் தெரிந்த உனக்கு, விரலுக்குப் பின்னால் குத்தி போகிறதைக் காட்டத் தெரியாதா?" என்று கேட்டார். என் தொழில் தொடங்கினது அவ்வளவுதான்.

அவர் எனக்கு இரவல் தந்த புத்தகம், கொழும்பில் பழைய புத்தகக் கடையில் வாங்கிய டார்பெல் மஜிக் பாடத்தின் ஒரு பாகம். ஹார்லன் டார்பெல் (1890–1960) என்ற அமெரிக்கர் 1920களில் மஜிக்கைத் தபால் பாடமாக நடத்தினார், 60 பாடங்கள், எழுத்தும் அவரே படமும் அவரே. பிற்காலத்தில் அதெல்லாம் தடித்த பாகங்களாக வந்தது. 1938இல் வந்த கிரேட்டர் மஜிக் என்ற பெரிய புத்தகத்துக்கும் படம் வரைந்தவர் அவர்தான். எனக்கு அன்றைக்கு அந்த இங்கிலீஷ் ஓடாது, ஆனால் படத்தைப் பார்த்தே ஒரு பாடத்தைச் செய்ய முடிந்தது, அதுவே எனக்குப் பெரிய பாடம். பார்க்கிறவர்களுக்குத் தெரியும் பக்கம் ஒரு படம், செய்கிறவருக்குத் தெரியும் பக்கம் இன்னொரு படம். மறைந்திருப்பதைப் புள்ளிக்கோட்டில் காட்டு. ஒரு விரல் இன்னொரு விரலுக்குப் பின்னால் போகிற இடத்தில் கோட்டைச் சற்று நிறுத்து, இல்லாவிட்டால் இரண்டும் ஒட்டிக்கொள்ளும். ரேகை, மயிர், நகத்தின் பிறை, ஒன்றும் வேண்டாம். அழகான கை வரைந்தால் வாசிக்கிறவன் கையைப் பார்ப்பான், வித்தையைப் பார்க்கமாட்டான்.

டார்பெல் வரைந்த கைகளில் ஒரு வில்லங்கமும் இருந்தது. எல்லாம் கோட்டும் நீளக்கைச் சட்டையும் போட்ட கைகள். ஐயா எழுதுவதோ சாரமும் கைவைத்த பெனியனுமாக இருக்கிற நம்முடைய பொடியன்களுக்கு. சித்திரை வெயிலில் மட்டக்களப்பில் எவன் கோட்டுப் போட்டுக் குத்தி ஒளிப்பான்? ஆகவே சட்டைக்கைக்குள் போகிற வித்தையெல்லாவற்றையும் ஐயா சாரத்தின் மடிப்புக்கும் கைலேஞ்சிக்கும் மாற்றி எழுதினார், நான் சாரத்து மடிப்பு வரைந்து பழகினேன். அந்த மடிப்புகளைப் பார்த்துக் கனடாவிலிருந்து ஒருவர் பல வருஷம் கழித்து எழுதியிருந்தார், வேறு எந்த மஜிக் புத்தகத்திலும் சாரம் கட்டிய மஜிக்காரனைக் காணவில்லை என்று. பாராட்டு ஐயாவுக்குத்தான் சேர வேண்டும்.

அடுத்தது என் அம்மா, அக்காமார், சின்னம்மாமார். எங்கள் பகுதியில் வீடு பெண்பிள்ளைக்கென்று கொடுப்பது வழக்கம் என்பதால் ஒரே வளவுக்குள் பெண்கள்தான் அதிகம், 80களில் ஒரு குமர்ப்பிள்ளை ஊரிலுள்ள ஆண்களைக் கூப்பிட்டு "கையை நீட்டுங்கள், பார்த்து வரைய வேண்டும்" என்று சொல்லக்கூடிய காலமும் இல்லை. அதனால் என்னுடைய முதல் பத்துப் பன்னிரண்டு வருஷப் படங்களில் இருக்கிற மந்திரவாதிகள் எல்லாம் எங்கள் வளவுப் பெண்கள். சின்னம்மாவின் கை கொஞ்சம் பருமன், சீட்டுக்கட்டு பிடித்தால் ஆண் கைபோலவே இருக்கும். அக்காவின் சுண்டுவிரல் தனியாக மடங்கும், சீட்டை மேலே இரண்டாகப் பிரித்துப் பிடிக்கிற வேலைக்கு அதை விட்டால் ஆள் இல்லை. அம்மாதான் பிரச்சினை. காப்பைக் கழற்றமாட்டார். "படத்துக்காகவெல்லாம் கழற்றேலாது, அப்படியே கீறு" என்பார். நானும் காப்போடு கீறி அனுப்பினேன். சஞ்சிகை ஆசிரியர் கடிதம் போட்டார், "உங்கள் மந்திரவாதி ஏன் காப்பு அணிந்திருக்கிறார்?" என்று. அடுத்த இதழிலிருந்து காப்பைத் தவிர்த்து வரைந்தேன். ஆனால் அந்த முதல் இரண்டு இதழையும் வைத்துப் பழகிய ஒரு பெண்பிள்ளை, பிறகு ஏறாவூர்ப் பக்கம் ஆசிரியையானவர், "டீச்சர்மாரும் மஜிக் செய்யலாம்போல என்று அந்தக் காப்பைப் பார்த்துத்தான் நினைத்தேன்" என்று போன மாதம் என்னிடம் நேரில் சொன்னார். அம்மா கேட்டிருக்க வேண்டும். கேட்டால் ஒரு மாதத்துக்கு வாய் ஓய்ந்திருக்காது.

கையைக் கொடுத்தவர்களுக்குப் பெயர் இல்லாமல் போவது இந்தத் தொழிலில் ஆதிமுதலே உள்ளதுதான். 1902இல் சிக்காகோவில் சீட்டு வித்தை பற்றி ஒரு புத்தகம் வந்தது, இன்றைக்கும் சீட்டு மஜிக்காரர்கள் அதை வேதம் மாதிரி வாசிக்கிறார்கள். எழுதியவர் எஸ். டபிள்யூ. எர்ட்னேஸ் என்று போட்டிருக்கும், அது புனைபெயர், ஆள் யாரென்று இன்றுவரை உறுதியாகவில்லை. அதில் நூற்றுக்கு மேல் கைப்படங்கள், வரைந்தவர் மார்ஷல் டி. ஸ்மித். 1946இல் மார்ட்டின் கார்ட்னர் அவரைத் தேடிப் பிடித்துக் கேட்டபோது, கடுங்குளிர்காலத்தில் ஒரு ஹோட்டல் அறையில் அந்த ஆளின் கையைப் பார்த்துப் படம் வரைந்ததைச் சொன்னார். முகத்தையும் பெயரையும் மறைத்த மனிதன், கையை மட்டும் உலகத்துக்கெல்லாம் விட்டுவிட்டுப் போயிருக்கிறான். எங்கள் சின்னம்மாவும் அப்படித்தான், என்ன, சின்னம்மாவுக்கு மறைக்க ஒன்றும் இல்லை, கேட்டால் தானே கையைத் தூக்கிக் காட்டுவார்.

நகரத்து அச்சகத்தில் எழுத்துக் கோர்த்த அண்ணனுக்கு நான் பட்ட கடன் பெரியது. கொழும்புச் சஞ்சிகை நின்ற பிறகு ஐயாவும் நானும் சிறு சிறு புத்தகமாக ஊரிலேயே அடித்தோம். வாழைச்சேனை ஆலைத் தாள்தான் கைக்கு எட்டிய விலை, வைக்கோல் கலந்த தாள், மையைக் குடிக்கும். நெருக்கமாகப் புள்ளிக்கோடு போட்டால் அச்சில் அது முழுக்கோடாகவே வந்துவிடும், முழுக்கோடு என்றால் ஒளித்து வைத்த குத்தி எல்லாருக்கும் தெரிகிற குத்தி ஆகிவிடும், வித்தையே கெட்டது. "தங்கச்சி, புள்ளிக்குப் புள்ளி ஒரு நெல்லுக் கிடக்கிற இடம் விடு" என்று சொல்லித் தந்தது அந்த அண்ணன். ஒன்றரை மடங்கு பெரிதாக வரைந்து பிளொக்கில் (படத்தை அச்சடிக்கிற உலோகத் தகட்டில்) சுருக்கினால் கோடு சுத்தமாக வரும் என்பதும் அவர் சொன்னதுதான். இன்னொரு விஷயம். வேறோர் அச்சகத்தில் (பெயர் வேண்டாம்) நெகட்டிவைக் கவிழ்த்து வைத்து ஒரு புத்தகம் முழுக்க வலது கை இடது கையாகவும் இடது கை வலது கையாகவும் அடித்துத் தந்துவிட்டார்கள். பூ, கோயில், மனிதர் என்றால் ஒருவருக்கும் தெரிந்திராது. மஜிக்கில் எழுத்து "வலது பெருவிரல்" என்கிறது, படம் இடதைக் காட்டுகிறது, வாசிக்கிற பிள்ளை தன்னில்தான் பிழை என்று நினைத்து மூடி வைத்துவிடும். அதற்குப் பிறகு நம்முடைய அண்ணன் ஒவ்வொரு பிளொக்கையும் அடிக்க முதல் தன் கையைப் பக்கத்தில் வைத்துப் பெருவிரல் எந்தப் பக்கம் என்று பார்த்துத்தான் ஏற்றுவார். அப்படிப் பார்க்கச் சொல்லி அவருக்கு ஒருவரும் சம்பளம் கொடுக்கவில்லை.

கட்டாரில் இருந்து ரொட்றிங் என்ற கோடு வரைகிற பேனை கொண்டுவந்து தந்த மச்சினனுக்கும் நன்றி. அந்தப் பேனை வெக்கையில் அடிக்கடி அடைத்துக்கொள்ளும், சுடுதண்ணீரில் போட்டு எடுக்க வேண்டும், அது வேறு கதை.

1990க்குப் பிறகு வந்த இருட்டு வருஷங்களைப் பற்றி இங்கே அதிகம் எழுதப்போவதில்லை, நம் எல்லாருக்கும் தெரியும். மண்ணெண்ணெய் விளக்கில்தான் வரைந்தேன். அதில் ஒரு லாபம் இருந்தது. ஒற்றை விளக்கு என்பதால் பிடித்திருக்கிற கையின் நிழல் சுவரில் வெட்டி வைத்ததுபோல விழும், அதைப் பார்த்தால் எந்த விரல் தேவை, எந்த விரல் வெறுமனே கூட்டம் கூட்டுகிறது என்று உடனே தெரியும். மண்ணெண்ணெய் கிடைப்பதே பெரும்பாடாக இருந்த நாளில் "படிக்கிற பிள்ளைகளுக்குப் படம் கீறுகிறாள்" என்று தங்கள் பங்கில் ஒரு போத்தல் கொடுத்த பக்கத்து வளவு அம்மாச்சிக்கு நான் இன்னும் ஒன்றும் திருப்பிக் கொடுக்கவில்லை.

90களின் நடுவில் என்று நினைக்கிறேன், கல்லடியிலிருந்து நகரத்துத் தபால் கந்தோருக்குப் படங்களைக் கொண்டுபோகும்போது சோதனைச் சாவடியில் இறக்கிவிட்டார்கள். பைலைத் திறந்தால் உள்ளே என்ன? கயிறு, குழாய், நூல், அம்புக்குறி, புள்ளிக்கோடு, "படம் 1, படம் 2". நீங்களே யோசித்துப் பாருங்கள், நான் அந்தச் சிப்பாயாக இருந்தாலும் விட்டிருக்கமாட்டேன். எனக்குத் தெரிந்த சிங்களம் கடையில் சாமான் வாங்கவே போதாது. பின்னால் வரிசையில் நின்ற காத்தான்குடிப் புடவை வியாபாரி நானா ஒருவர், தன் மூட்டையைக் கீழே வைத்துவிட்டு, கேட்காமலே முன்னுக்கு வந்து, இது பிள்ளைகளுக்கு மஜிக் சொல்லிக் கொடுக்கிற படம் என்று சிங்களத்தில் எடுத்துச் சொன்னார். அந்த நாட்களில் ஒருவருக்காக இன்னொருவர் வரிசையிலிருந்து விலகி முன்னுக்கு வருவது லேசான காரியம் இல்லை. சிப்பாய் நம்பவில்லை. அப்போ செய்து காட்டு என்றான். பைலைக் கட்டியிருந்த றப்பர் பட்டியை எடுத்து ஆள்காட்டி விரலிலும் நடுவிரலிலும் போட்டு, கையை மூடித் திறந்தேன், பட்டி மோதிர விரலுக்கும் சுண்டுவிரலுக்கும் பாய்ந்தது. அவனுக்கு வயது இருபது இருக்குமோ என்னவோ. எப்படி என்று கேட்டான். சொல்லச் சிங்களம் இல்லை, ஆகவே பைலில் இருந்த அதே வித்தையின் மூன்றாவது படத்தை எடுத்துக் கொடுத்தேன், நான்கு விரல் நுனியும் பட்டிக்குள் ஒன்றாக நுழைந்திருப்பதைச் செய்கிறவர் பக்கத்திலிருந்து காட்டுகிற படம். ஒரு தமிழெழுத்தும் வாசிக்காமல், பார்த்து, செய்தான். பாய்ந்தது. என்னைப் போகச் சொன்னான், பட்டியைத் திருப்பித் தரவில்லை. என் படத்துக்கு அதைவிடச் சிறந்த விமர்சனம் பிறகு ஒருநாளும் கிடைக்கவில்லை. அந்த நானாவை நான் பிறகு தேடியும் காணவில்லை. இதை வாசிக்கிற காத்தான்குடிக்காரர் யாருக்காவது இந்தக் கதை உங்கள் வாப்பா சொன்ன கதையாக இருந்தால், என் நன்றியை அவரிடமோ அவருடைய பிள்ளைகளிடமோ சேர்த்துவிடுங்கள்.

கொழும்பில் ஒரு பழைய ஆசிரியர் என்னைக் காணும்போதெல்லாம் "மட்டக்களப்பாளா, பாயோடு ஒட்ட வைத்துவிடுவீர்களே" என்று பகிடி பண்ணுவார். மட்டக்களப்பு மாந்திரீகம் பற்றி நாடு முழுக்க இருக்கிற கதைதான். நான் சிரித்துவிட்டுப் போவேன், ஆனால் மஜிக் படம் வரைகிறதற்கும் அதற்கும் நல்ல எதிர்மாறான தொடர்பு இருக்கிறது. 1584இல் ரெஜினால்ட் ஸ்கொட் என்ற ஆங்கிலேயர், சூனியக்காரிகள் என்று சொல்லி மனிதரைத் துன்புறுத்துவதைப் பொறுக்காமல் ஒரு பெரிய புத்தகம் எழுதினார். அதில், வித்தைக்காரர் செய்வதில் பேயும் இல்லை பூதமும் இல்லை என்று காட்ட, தந்திரக் கத்தியும் ஊசியும் எப்படிச் செய்யப்பட்டிருக்கின்றன என்று படமே போட்டிருந்தார். அப்படியென்றால் என் தொழிலின் மூத்த பாட்டன் பாட்டியெல்லாம் பயத்தைத் தெளிவிக்கப் படம் போட்டவர்கள். நம் பக்கத்தில் ஒரு பிள்ளைக்குக் காய்ச்சல் என்றால் முதலில் யார் செய்வினை வைத்தார் என்று கேட்கிற வீடு இன்றைக்கும் இருக்கிறது. அந்த வீட்டுப் பிள்ளை என் புத்தகத்தைப் பார்த்து, வாயிலிருந்து நூல் எடுப்பது எப்படி என்று தெரிந்துகொண்டால் எனக்குச் சந்தோஷம். இதை எழுதினதற்கு யாராவது கோபித்தால் கோபிக்கட்டும்.

2004 டிசம்பர் 26. எங்கள் வீடு கல்லடியில். ஆட்கள் தப்பினோம், அதற்கு மேல் வேறென்ன வேண்டும். அதுவரை வரைந்த மூலப் படங்கள் எல்லாம் கடலோடு போய்விட்டன. அதைப் பற்றி நான் ஒருவரிடமும் வாய் திறக்கவில்லை, பிள்ளைகளைப் பறிகொடுத்தவர்கள் இருக்கிற ஊரில் தாளைப் பற்றிப் பேச நாக்கு வருமா? சில மாதம் கழித்து வவுணதீவிலிருந்து ஓர் ஓய்வுபெற்ற ஆசிரியர், வலையிறவுப் பாலம் தாண்டி பஸ்ஸில் வந்து, ஒரு சீ. ஆர். கொப்பியைத் தந்தார். சஞ்சிகையில் வந்த என் படங்களை வெட்டி, வருஷ வரிசையில் ஒட்டி, ஓரத்தில் "இது 5ஆம் வகுப்பில் எடுபட்டது", "இது பெரிய பிள்ளைகளுக்கு" என்று குறிப்பும் எழுதி வைத்திருந்தார். பள்ளிக்கூடத்தில் வெள்ளிக்கிழமை கடைசிப் பாடத்துக்கு அதை வைத்துத்தான் மஜிக் காட்டுவாராம். போன மாதம் சுவரில் பார்த்த பழைய படங்கள் எல்லாம் அந்தக் கொப்பியிலிருந்து பெரிதாக்கியவை. சேர், அன்றைக்கு நான் தேத்தண்ணிகூடத் தராமல் உங்களை அனுப்பிவிட்டேன் என்று அக்கா இன்னும் சொல்லிக் காட்டுகிறாள்.

கனடாவில் மஜிக் செய்கிற கல்லாற்றுத் தம்பி இல்லாவிட்டால் என் தொழில் 2005க்குப் பிறகு நின்றிருக்கும். அங்கெல்லாம் மஜிக்காரர் ஒருவர் மற்ற மஜிக்காரருக்கு வகுப்பு எடுத்தால், முடிவில் குறிப்புப் புத்தகம் விற்பார்கள். அந்தக் குறிப்புகளுக்குப் படம் வரையத் தம்பி என்னைப் பிடித்துவிட்டார். அவர் வித்தையைப் படம் பிடித்து அனுப்புவார், நான் நிறுத்தி நிறுத்திப் பார்த்து வரைவேன், வரைந்ததை நகரத்துக் கொமினிக்கேஷன் கடையில் ஸ்கேன் பண்ணி அனுப்புவேன். வீடியோ வந்த பிறகு படம் எதற்கு என்று கேட்கிறார்கள், தம்பியிடமும் கேட்டிருக்கிறார்கள். வீடியோவில் நிழல் விழுகிறது, சட்டைப் பூ கண்ணை இழுக்கிறது, வேகம் வேறு. படத்தில் அந்த ஒரு கணத்தை நிறுத்தி, தேவையில்லாததைக் கழித்து, சதைக்குள் ஊடுருவிக் காட்டலாம். எல்லாருக்கும் அது தேவைப்படாது, தேவைப்படுகிறவர்கள் இன்னும் எழுதிக்கொண்டுதான் இருக்கிறார்கள். சொன்ன காசைச் சொன்ன நாளில் அனுப்பிய ஒரே ஆள் தம்பிதான் என்பதையும் இந்த இடத்தில் பதிந்து வைக்கிறேன். மற்றவர்களுக்கு அவர்கள் யாரென்று தெரியும்.

என் வீட்டுக்காரர் இவரைப் பற்றிச் சொல்லாமல் விட்டால் வீட்டில் சோறு இல்லை. கலியாணத்துக்குப் பிறகு ஆண் கை தேடி அலையத் தேவையில்லாமல் போனது, இவருடைய பெருவிரல் பின்னுக்கு வில்லாக வளையும், குத்தி மறைக்கிற படத்துக்கு அது சரிவராது என்றாலும் கயிற்று முடிச்சுக்கு நல்ல கை. ஆனால் அதைவிடப் பெரிய உதவி, படம் முடிந்ததும் எழுத்தை ஒரு தாளால் மூடிவிட்டு, படத்தை மட்டும் பார்த்து வித்தையைச் செய்து பார்ப்பது. இவரால் முடியாவிட்டால் படத்தில் ஏதோ குறை, திரும்ப வரைவேன். இவருக்கு மஜிக்கில் ஒரு துளி ஆர்வமும் கிடையாது, இத்தனை வருஷத்தில் ஒரு வித்தைகூட ஞாபகம் வைத்திருக்கவில்லை, அதனால்தான் ஒவ்வொரு முறையும் புதுசாகப் பரிசோதிக்க முடிகிறது.

இப்போது என் தங்கச்சியின் மகள் டப்லெட்டில் வரைகிறாள், அவளுடைய கோடு என்னுடையதைவிடச் சுத்தம். அவளுக்குக் கை கொடுக்க அவளுடைய சிநேகிதிகள் இருக்கிறார்கள், நகத்துக்குப் பச்சையும் நீலமுமாகப் பூசிக்கொண்டு வந்து உட்காருகிறார்கள், நான் ஒன்றும் சொல்வதில்லை.

கடைசியாக ஒரு விஷயம். 2005க்குப் பிறகு வரைந்த மூலத் தாள்கள் எல்லாம் என்னிடம் பெட்டியில் இருக்கின்றன. பின்பக்கத்தில் யார் கை என்று பென்சிலால் எழுதி வைத்திருக்கிறேன். உங்கள் கையோ, உங்கள் அம்மா, காக்கா, மாமி கையோ இருந்தால் வந்து எடுத்துக்கொண்டு போங்கள். மாரி தொடங்க முதல் வாருங்கள், தாள் நனைந்தால் மை ஊறும். மட்டமான பை கொண்டுவராமல் ஒரு பைல் மட்டை கொண்டுவாருங்கள். செவ்வாயும் வெள்ளியும் பின்னேரம் நான் கோயிலுக்குப் போய்விடுவேன், மற்ற நாள் எப்போதும் வீட்டில்தான். இந்த முறை தேத்தண்ணி தருவேன்.